தேரிக்காட்டில் செவ்வாய் கிரகம்: ஓர் அறிவியல் புனைவு எபிசோடை எடுத்து முடிக்கும் வழி

தொலைக்காட்சியில் அரை மணி நேர ஸ்லாட் என்றால், விளம்பரம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம். ஒரு விண்கலம், செவ்வாயின் தரை, நாலு பாத்திரங்கள் கொண்ட 22 நிமிடக் கதையைத் திருநெல்வேலிச் சீமையிலேயே எடுத்து முடிக்கலாம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் செந்தேரி, அதாவது செம்மணல் மேடுகள், கிடக்கிறது. மர வேலைக்கும் தகர வேலைக்கும் கை தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். கோயில் கொடைவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இரண்டே நாளில் தெர்மாகோலில் கோபுரம் எழுப்புகிற அலங்காரக்காரர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

முதலில் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். கேமராவுக்கு முன்னால் தொடக்கூடிய பொருளாக எதையெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் செய்துவிட வேண்டும். அதில் மிஞ்சுவது மட்டும் கம்ப்யூட்டருக்குப் போகட்டும். "கிராஃபிக்ஸில் பார்த்துக்கலாம்" என்று படப்பிடிப்பில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் பின்னால் ஒரு நாள் செலவு என்று கணக்கு வையுங்கள்.

கதையைப் பிரித்தல்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று 22 பக்கம் எழுதுங்கள். இடங்கள் மூன்றைத் தாண்டக் கூடாது: ஒரு நடைபாதை, ஒரு கட்டுப்பாட்டு அறை, வெளியே செவ்வாய். எழுதி முடித்ததும் நாலு நிறப் பேனா எடுத்து, செட், உடை, கிராஃபிக்ஸ், ஒலி என்று வரி வரியாக அடிக்கோடிடுங்கள். கிராஃபிக்ஸ் கோடுகள் முப்பதைத் தாண்டினால் கதையைத் திருத்துங்கள். அந்த இடத்தில் ஆளைக் குறைப்பதோ அவசரப்படுவதோ உதவாது.

அறிவியலில் நாலு எண்களை நினைவில் வைத்தால் போதும், பெரிய தவறு வராது. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம். அங்கே ஒரு பகலிரவு 24 மணி 39 நிமிடம் சொச்சம். வெயில் பூமியில் அடிப்பதில் பாதிக்கும் குறைவு. பூமியிலிருந்து செய்தி போய்ச் சேர 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். கடைசி எண்ணில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். கட்டுப்பாட்டு மையத்தோடு போனில் பேசுவதுபோல உரையாடல் எழுதிவிடுகிறார்கள். அப்படிப் பேச முடியாது. அனுப்பிய கேள்விக்குப் பதில் வருவதற்குள் எபிசோடே முடிந்துவிடும் என்பதைக் கதையின் பதற்றமாக மாற்றிக்கொள்ளுங்கள். மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின்கள் சோதிக்கப்படுகிற சீமை இது. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. விஷயம் தெரிந்த கண்கள் இங்கே நிறைய.

விண்வெளி வீரர்களை மேடைத் தமிழில் பேசவிடாதீர்கள். "உயிர்வளி இருப்பு குறைந்துவிட்டது, தளபதி" என்ற வரியை எந்த நடிகராலும் காப்பாற்ற முடியாது. "அண்ணாச்சி, ஆக்சிஜன் இன்னும் நாப்பது நிமிசத்துக்குத்தான் கெடக்கு" என்றால் கேட்பவர் வயிறு கலங்கும்.

எந்த மாதம்

செட்டுக்கு உயரமான கூரையும் கான்கிரீட் தரையும் உள்ள இடம் வேண்டும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபம் குறைந்த வாடகைக்குப் படியும். ஆடி வேண்டாம். ஊரெங்கும் கொடை, குழாய் ஒலிபெருக்கி இரவு பகலாக ஓடும், நேரடி ஒலிப்பதிவு நடக்காது. மார்கழியில் விடியற்காலைப் பாட்டு ஓய்ந்ததும் பகல் முழுக்க அமைதி கிடைக்கும். தகரக் கூரை குடோன் மலிவுதான், ஆனால் ஒரு தூறல் விழுந்தாலும் அன்றைய ஒலி போயிற்று.

மார்கழியில் செட்டை முடித்துவிட்டு, பொங்கல் கழிந்து தை நடுவில் தேரிக்குப் போங்கள். அப்போது மழை ஓய்ந்திருக்கும், தென்மேற்குக் காற்று தொடங்கியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் ஈர மணல் கருத்து, புல் முளைத்துக் கிடக்கும். ஆனி, ஆடியில் புழுதிப் புயல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு லென்ஸைப் பறிகொடுத்துவிடாதீர்கள்.

நடைபாதை

எல்லாமே ப்ளைவுட் தாளின் அளவிலிருந்து பிறக்கிறது. தாள் 8 அடிக்கு 4 அடி. ஆகவே 4 அடிக்கு ஒரு வளைவுச் சட்டம் நிறுத்துங்கள். 24 அடி நீள நடைபாதைக்கு 7 சட்டம், இரு பக்கச் சுவருக்கு 12 தாள். 6 மி.மீ. தடிமன் போதும், பின்னால் 2க்கு 1 அங்குல ரீப்பர் அடித்தால் வளையாது. சட்டத்தின் மேல் இரு மூலைகளையும் 45 டிகிரியில் சாய்த்து வெட்டுங்கள். நேர் மூலையோடு விட்டால் நம் கண் அதை வீட்டு அறை என்றே படிக்கும்.

ஒரு பக்கச் சுவரை ஆணி அடிக்காமல் ஜி கிளாம்பில் மட்டும் நிறுத்துங்கள். கேமராவைப் பின்னால் இழுக்க இடம் வேண்டும்போது எந்தப் பலகையையும் இரண்டு நிமிடத்தில் கழற்றலாம். இந்த ஏற்பாடு இல்லாத செட்டில் எல்லா ஷாட்டும் அகலக் கோணத்தில் முடிந்து, முகங்கள் பிதுங்கித் தெரியும். அதே நடைபாதை நாலு நடைபாதையாக உழைக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு சட்டத்திலும் எண் பலகையும் நிறப் பட்டையும் மாற்றி மாட்டும்படி வையுங்கள். இந்தப் பக்கம் பார்த்து எடுத்தால் "தளம் 2, நீலம்", திரும்பி எடுத்தால் "தளம் 5, மஞ்சள்".

தரைக்குப் பலகை போடாதீர்கள். பொய் செட்டைக் காட்டிக்கொடுப்பது முக்கால்வாசி காலடிச் சத்தம்தான். விண்கலத்தில் நடப்பவரின் காலடி "தொம் தொம்" என்று மரப்பெட்டி ஓசை எழுப்பினால் பார்வையாளர் காரணம் தெரியாமலே நம்பிக்கை இழப்பார். மண்டபத்தின் கான்கிரீட் மேலேயே சாம்பல் நிற வினைல் விரிப்பை ஒட்டுங்கள். உலோகக் காலடியைப் பின்னால் ஒரு தகரத் தாளின் மேல் நடந்து பதிவு செய்துகொள்ளலாம்.

சுவரை நிரப்பும் துண்டு துணுக்குகளுக்குப் பழைய இரும்புக் கடையும் விவசாயக் கருவிக் கடையும் போதும். சொட்டுநீர்ப் பாசன இணைப்புகள், பி.வி.சி. எல்போ, தண்ணீர் சுத்திகரிப்பு கேட்ரிட்ஜ், கழன்ற கீபோர்டு, பைக் சைலன்சர். ஒரு பொருள் என்னவென்று அடையாளம் தெரிந்துவிட்டால் அது செத்தது. இட்லித் தட்டு பார்க்க அருமையான எந்திரப் பாகம்; ஆனால் தமிழ்நாட்டில் அதை அரை விநாடியில் கண்டுபிடிக்காத ஆளில்லை. வெட்டி, தலைகீழாக்கி, மற்றதோடு சேர்த்து ஒரே சாம்பல் நிறம் அடித்தால் மட்டும் பயன்படுத்துங்கள். பத்தமடைக் கோரைப் பாயை நீட்டிப் பலகையில் ஒட்டி மேட் சாம்பல் அடித்துப் பாருங்கள். அந்த நெசவு வரிகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்கிற அழகைக் காசு கொடுத்து வாங்கும் எந்தப் பேனலும் தராது.

சுவருக்குத் தூய வெள்ளை அடிக்க வேண்டாம். வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடித்து முகத்தின் நிழலைத் தின்றுவிடும். இளஞ்சாம்பல் மேட் எமல்ஷன் இரண்டு கோட்டு. பிறகு பழசாக்கும் வேலை. இதை யாரிடமும் அவசரமாக ஒப்படைக்காதீர்கள். கதவோரத்தில் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தைக் கூர்ந்து பாருங்கள். வந்து போகிற ஒவ்வொருவர் கையும் படுகிற இடம் அது. அங்கே பழுப்பு நிறத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசி, காய்வதற்குள் ஈரத்துணியால் துடையுங்கள். ஓரக் கீறல்களிலும் திருகுத் தலைகளைச் சுற்றியும் மட்டும் அழுக்கு தங்கும். பிறகு ஏறக்குறைய காய்ந்த தூரிகையில் வெள்ளிப் பெயின்ட் தொட்டு விளிம்பின் மேல் லேசாக இழுங்கள். பெயின்ட் தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் எட்டிப் பார்ப்பதுபோல் தெரியும். கை எட்டாத உச்சியில் இதைச் செய்யாதீர்கள். எல்லா இடமும் சமமாக அழுக்கானால் அது வாழ்ந்த இடமாகத் தெரியாது, பெயின்ட் அடித்த இடமாகத்தான் தெரியும்.

தானாகத் திறக்கும் கதவு

மோட்டார் வைக்காதீர்கள். 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில் தானாக விலகிய கதவுகளை மறைவில் நின்ற ஆட்கள்தான் கையால் இழுத்தார்கள். சத்தம் பிறகு சேர்ந்தது. அந்த முறையைவிட நல்லது இன்றும் இல்லை. மோட்டார் நடிகரின் நடைக்குக் காத்திருக்காது, ஆள் காத்திருப்பார்.

1. 6 மி.மீ. ப்ளைவுட்டில் 2 அடி அகலம், 7 அடி உயரத்தில் இரண்டு பலகை வெட்டுங்கள். ஒன்று ஐந்து கிலோ சொச்சம் வரும்.
2. வார்ட்ரோபுக்குப் போடும் அலுமினிய ஸ்லைடிங் சானலைச் சட்டத்தின் மேலே பொருத்தி, ரோலரில் பலகையைத் தொங்கவிடுங்கள். அடியில் தண்டவாளம் வைத்தால் மணலும் ஆணித் துண்டும் சிக்கும்; தரையில் சிறு வழிகாட்டிக் கட்டை ஒன்று போதும்.
3. பலகையின் பின்விளிம்பில் ஒரு மரக் கைப்பிடி. கயிறு கட்டினால் இழுக்கலாம், தள்ள முடியாது.
4. முடிவில் ஓர் அங்குல ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் கதவு மோதித் திரும்பும். தானியங்கிக் கதவு ஒருநாளும் அப்படித் துள்ளாது.
5. இழுப்பவர் இருவருக்கும் சைகைக்குச் சிறு பல்பு ஒன்று. முழுத் திறப்பு அரை விநாடி, அதாவது விநாடிக்கு 25 ஃப்ரேம் (தனிப் படம்) என்ற கணக்கில் ஏறத்தாழ 12 ஃப்ரேம்.

இருவரும் ஒரே வேகத்தில் இழுக்க இருபது முறையாவது ஒத்திகை வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கண் உடனே பிடித்துவிடும்.

வெளிச்சம்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் மின்விளக்கின் துடிப்பு படத்தில் ஏறாது. 24 ஃப்ரேமில் எடுப்பதாக இருந்தாலும் ஷட்டர் 1/50 தான். சுவர் இடுக்குகளுக்கு 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்; மீட்டருக்கு 14.4 வாட் வகை. இரு பக்கமும் சேர்த்து 15 மீட்டர் என்றால் 216 வாட். அதற்கு வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் 15 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி இரண்டு வாங்குங்கள். ஒன்றிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் சூடேறி அணைந்துவிடும். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை தனி ஒயரில் மின்சாரம் கொடுங்கள். நீளமாகத் தொடர்ந்தால் கடைசியில் வெளிச்சம் மங்கி நிறமும் மாறும். ஸ்ட்ரிப்புக்கு முன்னால் இரண்டு அங்குலம் தள்ளிப் பால் நிற அக்ரிலிக் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாது. விலை குறைந்த டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுபவை. கேமராவில் பட்டை ஓடும். மங்க வேண்டுமானால் அக்ரிலிக்கின் பின்னால் பட்டர் பேப்பர் ஒன்று கூட்டுங்கள்.

ஆபத்துக் காட்சிக்கு எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் முகத்தின் விவரம் கரைந்துவிடும். ஓரத்தில் சன்னமாக ஒரு வெள்ளை விளக்கு எரியட்டும்.

விண்வெளி உடை

தூத்துக்குடியில் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்கும் வெள்ளைப் பருத்தி ஓவரால்தான் அடிப்படை. இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள். தோள், முழங்கை, முழங்கால், மார்பில் 12 மி.மீ. ஸ்பாஞ்ச் வைத்து மேலே துணி போர்த்தி, தையல்காரரிடம் இரண்டங்குல இடைவெளியில் கோடு தைக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு இரண்டு உடை அவசியம். தேரி மண்ணின் கறை ஒரு சலவையில் போகாது. தேரியில் எடுக்கும் உடையில் நீலப் பட்டையோ நீலச் சின்னமோ இருக்கக் கூடாது. பின்னால் நீல வானத்தைப் பிரித்து நிறம் மாற்றும்போது அந்தப் பட்டையும் சேர்ந்து மாறும்.

ஹெல்மெட்தான் எல்லாரையும் படுத்தும். மூச்சில் கண்ணாடி பனிக்கும். கேமராவும் குழுவும் அதில் பிரதிபலிக்கும். முகத்தை நெருங்கி எடுக்கும் ஷாட்டுகளில் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், யாருக்கும் தெரியாது. தூர ஷாட்டில் மட்டும் மாட்டுங்கள். உள்ளே பின்கழுத்தில் 5 வோல்ட் சிறு விசிறி, முதுகுப் பையில் 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க். விசிறி இரையும் என்பதால் அந்த வசனங்களுக்கு டப்பிங் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பக்கத்தை ஒருபோதும் காற்றுப் புகாமல் மூடாதீர்கள். விட்ட மூச்சே உள்ளே தங்கித் தலை சுற்றும், மயங்கி விழவும் கூடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கொடுக்க ஒரு ஆளைத் தனியாக நியமியுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஷாட் பாதியில் இருந்தாலும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

தேரியில்

தேரியின் சிவப்பு, மணல் துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. செவ்வாயைச் சிவப்பாக்கியதும் அதே இரும்புதான். பொய் சொல்லாமலே பாதி வேலை முடிந்துவிடுகிற இடம். ஆனால் குதிரைமொழித் தேரி போன்ற பகுதிகள் வனத்துறைக் காப்புக்காடு. மாவட்ட வன அலுவலரிடம் எழுத்து அனுமதி இல்லாமல் வண்டியை இறக்காதீர்கள். பட்டா நிலத் தேரி என்றால் உரிமையாளரிடம் கடிதம், ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல். டிரோன் பறக்கவிடுமுன், எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரம்தான்.

இடம் தேடும்போது மேட்டில் ஏறாமல் பள்ளத்தில் இறங்குங்கள். இரு மேடுகளுக்கு நடுவே கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்தால் அடிவானம் மணல் மட்டுமாக இருக்கும். பனையும் முந்திரியும் செல்போன் கோபுரமும் காற்றாலையும் மறைந்துவிடும். வெயில் காலை 6.45 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6 வரை. நடுப்பகலில் நிழல் சுருங்கி மணல் தட்டையாகிவிடும்; அந்த நேரம் சாப்பாட்டுக்கும் ஒத்திகைக்கும்.

கால்தடம் பெரிய விஷயம். யாருமே மிதிக்காத கிரகத்தில் ஆட்டுக் குளம்பும் செருப்புத் தடமும் தெரியக் கூடாது. அகலமான ஷாட்டை முதலில் எடுங்கள், பிறகு நெருங்குங்கள். குழு முழுவதும் கேமராவுக்குப் பின்னால் கயிறு கட்டிய ஒரே வழியில் நடக்கட்டும். தடத்தை அழிக்கத் தென்னை விளக்குமாறு உதவாது, கோடு கோடாக விழும். ஈரச் சாக்கில் கொஞ்சம் மணல் போட்டு இரண்டு பேர் மெல்ல இழுத்துக்கொண்டு பின்வாங்குங்கள். சாக்கின் ஈரம் மணலில் இறங்காத அளவு பிழிந்திருக்க வேண்டும். பிறகு கையளவு உலர்ந்த மணலை உயரத்திலிருந்து காற்றில் தூவினால், காற்றே படியவைத்த பரப்புப் போல ஆகிவிடும்.

லென்ஸை வெளியில் மாற்றாதீர்கள். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் மட்டும். ஒரே ஜூம் லென்ஸோடு நாளை ஓட்டுவது இன்னும் நல்லது. லென்ஸில் படிந்த மணலைத் துணியால் துடைத்தால் கீறல் நிச்சயம். ரப்பர் பம்பால் ஊதி எடுங்கள்.

குறைந்த ஈர்ப்பைக் காட்ட ஒரு கணக்கு: விழும் நேரம் ஈர்ப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 0.38இன் வர்க்கமூலம் 0.62. ஆகவே விநாடிக்கு 40 ஃப்ரேமில் எடுத்து 25இல் ஓட்டினால் மணலும் கல்லும் செவ்வாயில் விழுவதுபோல் விழும். கை அசைவும் சேர்ந்து மந்தமாகும் என்பதால், நடிகரைக் கையை வழக்கத்தைவிட வேகமாக அசைக்கச் சொல்லுங்கள். செவ்வாயின் பகல் வானம் மங்கிய பழுப்பு மஞ்சள். அஸ்தமனத்தில் சூரியனைச் சுற்றி நீலம் படரும். நிறம் மாற்றுபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆரஞ்சுச் சாந்து பூசிவிடுவார்.

கதையில் பனிக் கிரகம் வேண்டுமானால் தூத்துக்குடி உப்பளம், கோடையில்.

சிறு மாதிரி

தரையிறங்கும் கலத்தை 1:24 அளவில் செய்யுங்கள். உண்மையில் 12 மீட்டர் என்றால் மாதிரி 50 செ.மீ. சிறு பொருள் வேகமாக ஆடும், அதனால் பொம்மையாகத் தெரியும். 24இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.9; 25ஐ அதனால் பெருக்கினால் 122. 120 ஃப்ரேமில் எடுத்தால் எடை வந்துவிடும். இந்த வேகத்தில் வீட்டு மின்விளக்கு துடிக்கும், வெளிச்சமும் போதாது. மொட்டை மாடி வெயிலில் எடுங்கள், துவாரத்தை எஃப் 11க்குக் குறுக்குங்கள். முன்னும் பின்னும் தெளிவாக இருந்தால்தான் பெரிதாகத் தெரியும். தூண்டில் நரம்பில் தொங்கவிடும்போது மாதிரியைத் தலைகீழாகக் கட்டிப் படத்தைப் புரட்டிக்கொள்ளலாம். நரம்பு கலத்துக்குக் கீழே போய்விடும், அங்கே யாரும் தேடமாட்டார்கள். புழுதிக்கு முல்தானி மட்டியில் சிவப்பு ஆக்சைடு கலந்து சலித்துக்கொள்ளுங்கள், எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

திரைகளில் தமிழ்

கட்டுப்பாட்டு அறைத் திரைகளைப் பச்சையாக விட்டுப் பின்னால் நிரப்பாதீர்கள். பழைய டேப்லெட்டுகளில் தயாரித்த வீடியோவை ஓடவிட்டால் அந்த ஒளி நடிகர் முகத்திலும் விழும். சில வடிவமைப்பு மென்பொருள்கள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டு "கொ" என்பதை உடைத்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பார்த்து, எழுத்தைப் படமாக மாற்றிய பிறகே வீடியோவில் சேருங்கள்.

ஒலி

ஒவ்வோர் அறைக்கும் ஓர் இரைச்சல் வேண்டும். ஃபிரிட்ஜ், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் என்று தனித்தனியாகப் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக் கலத்தின் அடிவயிற்றுச் சத்தமாகும். ஹெல்மெட் ரேடியோவுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,400க்கு மேலும் வெட்டுங்கள். ஆயுதச் சத்தத்துக்கு, படிக்கட்டில் இறங்கும் சுருள் கம்பிப் பொம்மை உண்டல்லவா, அதன் எஃகு வகை ஒன்றை நீட்டிக் கட்டி, ஒரு முனையில் அதிர்வைப் பிடிக்கும் ஒட்டு மைக் வைத்து மறுமுனையைத் தட்டுங்கள். உச்ச ஒலி முந்தியும் கீழ் ஒலி பிந்தியும் வருவதால் "பியூ" என்று இறங்கும். இதே ஓசைக்காக மின்கம்பத்தின் இழுகம்பியைத் தட்டிப் பார்க்க வேண்டாம்.

பதிவும் தொகுப்பும்

செட்டுக்கு மூன்று நாள், தேரிக்கு இரண்டு நாள். 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிபி. நாளைக்கு இரண்டு மணி என்றால் ஐந்து நாளில் 450 ஜிபி. 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி, அன்றிரவே இரண்டிலும் ஏற்றி, இருவர் வீட்டில் தனித்தனியாக வையுங்கள். கார்டை அழிப்பது மறுநாள் காலை, இரண்டு டிஸ்க்கையும் திறந்து பார்த்த பிறகு.

கிராஃபிக்ஸ் ஷாட் ஒவ்வொன்றுக்கும் நடிகர் விலகிய பின் அதே இடத்தில் வெறும் காட்சியைப் பத்து விநாடி எடுங்கள். ஃபோகஸ், வெளிச்சம், வெள்ளைச் சமநிலை எதையும் தொடக் கூடாது. பின்னணியை மாற்றுவதற்காக விரிக்கும் பச்சைத் துணியிலிருந்து நடிகர் ஆறடியாவது தள்ளி நிற்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளை உடையில் பச்சை படரும். முதலில் கிராஃபிக்ஸ் இல்லாமலே 22 நிமிடத்தையும் வெட்டி முடியுங்கள். நீளம் உறுதியான பிறகே ஷாட்டுகளைக் கிராஃபிக்ஸ் ஆளிடம் கொடுங்கள், முன்னும் பின்னும் எட்டு ஃப்ரேம் கூடுதலாக.

முடிந்த படத்தைத் தொகுப்பறை மானிட்டரில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். பென்டிரைவில் ஏற்றி ஒரு சாதாரண வீட்டு டிவியில், டியூப் லைட் எரிய, விசிறி ஓட, பகலில் போட்டுப் பாருங்கள். நடைபாதையின் இருட்டுக் காட்சிகளில் யார் நிற்கிறார் என்று தெரியவில்லையா? எந்த நிமிடம், எந்த விநாடி என்று தாளில் குறித்துக்கொண்டு நிறம் மாற்றுபவரிடம் திரும்பப் போங்கள்.